‘ஹாட்பெட்’ என்றால் சூடான படுக்கையா? ஒரு ஆங்கிலத் தோட்டச் சொல்லைத் தமிழாக்குவது பற்றி

#1 ஏட்டுச்சுரை
வணக்கம். பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்துத் தோட்டக் கையேடு ஒன்றின் தமிழாக்கம் கையில் இருக்கிறது. மாதவாரியாக என்ன வேலை செய்ய வேண்டும் என்று சொல்லும் வகை. பிப்ரவரிக்கு வந்ததும் ‘ஹாட்பெட்’ வரிக்கு வரி வருகிறது. ‘சூடான படுக்கை’ என்று போட்டுப் பார்த்தேன், படிக்கச் சகிக்கவில்லை. ‘நாற்றங்கால்’ என்றால் சூடு காணாமல் போகிறது. செய்தித்தாளில் இதே சொல்லைக் ‘கூடாரம்’, ‘விளைநிலம்’ என்று எழுதுகிறார்கள். அது தோட்டத்துக்கு ஒத்துவராது. இது என்ன பொருள், எப்படிக் கட்டினார்கள், தமிழில் என்ன வைக்கலாம்? கூடவே ‘லைட்டுகளை எடுத்துவிடு’, ‘லைனிங் கொடு’, ‘ராங்க் ஆக இருந்தால் காத்திரு’ என்றெல்லாம் வருகிறது. பாத்தியில் விளக்கு எதற்கு?

#2 கவைக்கோல்
விளக்கு இல்லை ஐயா! ‘லைட்’ என்பது பாத்திப் பெட்டியின் மேல் கிடக்கும் கண்ணாடிச் சட்டம். பழைய ஆங்கில அளவில் ஒன்று 6 அடிக்கு 4 அடி. ‘லைட்டை எடு’ என்றால் கண்ணாடி மூடியைத் திற. இதை விளக்கென்று எழுதிவிட்டால் பாத்தி முழுக்க இருட்டாகிவிடும்.

ஹாட்பெட் என்பது லாயத்துக் கூளத்தை, அதாவது குதிரை லத்தியும் மூத்திரத்தில் நனைந்த வைக்கோலும் சேர்ந்ததை, மேடாக அடுக்கி, அதன் மேல் பெட்டி வைத்து, பெட்டிக்குள் மண் நிரப்பி விதைக்கும் பாத்தி. கூளம் மக்கும்போது நுண்ணுயிர்கள் விடும் சூடு அடியிலிருந்து மண்ணுக்கு ஏறும். வெளியே தரை உறைந்து கிடக்கும்போது உள்ளே வெள்ளரியும் முலாம்பழமும் முளைக்கும். அடியிலிருந்து வரும் சூடுதான் விஷயம். கண்ணாடி மட்டும் இருந்து லத்தி இல்லையென்றால் அதன் பெயர் ‘கோல்டு ஃபிரேம்’.

கட்டும் முறை:

கூளம் லாயத்திலிருந்து புதிதாக வர வேண்டும். முதலில் குவித்து வைத்து, நாலைந்து நாளுக்கு ஒரு முறை கவையால் உதறிப் புரட்ட வேண்டும்: வெளியில் இருந்தது உள்ளே, உள்ளே இருந்தது வெளியே. இரண்டு, மூன்று புரட்டல் ஆகும். வறண்ட இடம் தெரிந்தால் தண்ணீர் தெளிக்க வேண்டும். கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் உள்ளங்கை நனைய வேண்டும், தண்ணீர் ஒழுகக் கூடாது. மூக்கைக் குத்தும் நெடி அடங்கும் வரை இந்த வேலை தொடரும். நீங்கள் கேட்ட ‘ராங்க்’ இதுதான். நெடியும் கொதிப்பும் அடங்காத கூளம். அடங்கியதை ‘ஸ்வீட்’ என்பார்கள். இனிப்பு என்று எழுதிவிடாதீர்கள்.

பிறகு மேடை. பெட்டியின் நீள அகலத்தைவிட நாலு பக்கமும் ஒன்று, ஒன்றரை அடி கூடுதலாகக் குறி வைத்து அடுக்க வேண்டும். ஜனவரியில் கட்டுவது என்றால் மூன்றரை, நாலு அடி உயரம். மார்ச்சில் என்றால் இரண்டு, இரண்டரை போதும். ஒவ்வொரு அடுக்கையும் உதறிப் பரப்பிக் கவையின் முதுகால் தட்ட வேண்டும். மேலே பெட்டி: பின்சுவர் உயரம், முன்சுவர் தாழ்வு, சரிவு தெற்குப் பார்த்து. பெட்டிக்குள் சலித்த மண் அரை அடி.

மண்ணை உடனே நிரப்பி விதைக்கக் கூடாது. முதல் சில நாளில் கூளத்தின் உள்சூடு 60, 70 டிகிரி செல்சியஸ் வரை போகும். அது இறங்கி, மண்ணில் 25 அல்லது 27க்கு வந்த பிறகுதான் விதை. வெப்பமானி இல்லாத காலத்தில் ஒரு குச்சியை மேட்டின் நடுவில் செருகி வைத்து, சில மணி நேரம் கழித்து உருவி உள்ளங்கையில் பிடித்துப் பார்ப்பார்கள். பிடிக்க முடியாமல் சுட்டால் காத்திரு. கறந்த பால் சூட்டில் இருந்தால் விதை.

#3 ஏட்டுச்சுரை
கையேட்டில் குச்சி செருகும் வரி இருக்கிறது, வேலி போடச் சொல்கிறார் என்று நினைத்துவிட்டேன். ‘லைனிங்’ என்பது பெட்டியின் உள்பக்கம் எதையாவது ஒட்டுவதா? அப்புறம், குதிரை லத்திதான் வேண்டுமா? மாட்டுச் சாணம் ஆகாதா?

#4 குளிர்ப்பாத்தி
லைனிங் உள்ளே இல்லை, வெளியே. நாலைந்து வாரத்தில் மேட்டின் சூடு தளர்ந்துவிடும். அப்போது பெட்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பழைய கூளத்தைச் செங்குத்தாக வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒன்றரை அடி அகலத்துக்குப் புதுக் கூளத்தைப் பெட்டியின் விளிம்பு வரை அணைக்க வேண்டும். செடியைத் தொடாமல் சூட்டைப் புதுப்பிக்கும் வழி. நாலு பக்கமும் ஒரே நாளில் கொடுக்க மாட்டார்கள், ஒரு பக்கம் முடிந்து பத்து நாள் கழித்து அடுத்தது. ‘அணைகூளம்’ என்று வைத்துப் பாருங்கள்.

மாட்டுச் சாணம் சூடேறாது என்பதில்லை, ஆனால் மந்தம். மாடு அசைபோட்டு நாரைக் கூழாக்கிவிடுகிறது. சாணத்தில் ஈரமும் அதிகம், காற்றுப் புக இடமில்லை. குதிரைக்கு நார் அரைகுறையாகத்தான் செரிக்கும், லத்தி உதிரியாக விழும், இடையில் காற்று நிற்கும். கூடவே லாயத்து வைக்கோல் கார்பனைத் தருகிறது, அது குடித்த மூத்திரம் நைட்ரஜனைத் தருகிறது. இரண்டும் ஏறக்குறைய 25, 30க்கு 1 என்ற விகிதத்தில் தானாகவே அமைந்துவிடும். தோட்டக்காரருக்கு வேதியியல் தெரியாது, லாயத்துக்காரருக்கும் தெரியாது, கூளத்துக்குத் தெரிந்திருந்தது.

இப்போது இதைக் கட்டிப் பார்ப்பவர்கள் தோற்கும் இடமும் அதேதான். இன்றைய லாயங்களில் நிறைய இடத்தில் வைக்கோலுக்குப் பதில் மரச்சீவல் பரப்புகிறார்கள். சீவலில் நைட்ரஜனோடு ஒப்பிட்டால் கார்பன் பல மடங்கு கூடுதல், நைட்ரஜன் இல்லவே இல்லை என்கிற அளவு. இரண்டு வண்டி கொண்டுவந்து அடுக்கினாலும் வெதுவெதுப்போடு நின்றுவிடும். கூளம் வாங்கும் முன் கையில் எடுத்துப் பார்த்து, பாதிக்கு மேல் சீவல் தெரிந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

மற்ற கோளாறுகள்:

கூளத்தின் நடுவில் சாம்பல் பூத்த மாதிரி வெள்ளையாக, உலர்ந்து, தொட்டால் உதிர்கிறதா? ஈரம் போதாமல் வெந்துவிட்டது. இதற்கு ஆங்கிலத்தில் ‘ஃபயர்ஃபேங்’ என்று பெயர். அதைப் பிரித்து நனைத்து மறுபடி புரட்ட வேண்டும், அப்படியே விட்டால் சூடு பாதியில் படுத்துவிடும்.

நேர்மாறாக, மழையில் ஊறிய கூளத்தை இறுக மிதித்துக் கட்டினால் உள்ளே காற்றில்லாமல் புளித்து நாறும். சூடு வராது.

இலை ஓரம் கருகி மஞ்சளித்தால் அது அம்மோனியா. கூளத்தை அவசரப்பட்டு அடுக்கியதன் விலை. கண்ணாடியை ஒரு அங்குலமாவது இரவும் பகலும் தூக்கி வைக்க வேண்டும்.

மேடை அமுங்கும். மூன்று அடி கட்டியது இரண்டு, இரண்டரை அடியில் வந்து நிற்பது சாதாரணம். எல்லா இடமும் ஒரே சீராக அமுங்கினால் பிரச்சினை இல்லை. ஒரு மூலையில் தட்டாமல் விட்டிருந்தால் பெட்டி சாயும், கண்ணாடி விரிசல் விடும், தண்ணீர் ஒரே ஓரத்தில் தேங்கும்.

மூடியே வைத்திருந்தால் கண்ணாடியின் அடியில் ஆவி கோத்துச் சொட்டும். நாற்றழுகல் வந்து, காலையில் பார்த்தால் தண்டு தரையோடு மடிந்து கிடக்கும். இரவில் கண்ணாடி மேல் பாய் போட வேண்டும், காலையில் எடுக்க மறக்கக் கூடாது. மறந்தால் சூடு உண்டு, வெளிச்சம் இல்லை. நாற்று வெளிறி நெடுநெடுவென்று போய்விடும்.

#5 அகராதிப்புழு
சொல்லின் வயதைப் பார்ப்போம். ‘ஹாட்பெட்’ என்ற சேர்க்கை ஆங்கிலத்தில் 1620களில் இருந்து கிடைக்கிறது. பொருள் அதற்கும் மூத்தது. ஜான் ஜெரார்டின் 1597ஆம் ஆண்டு மூலிகை நூலில், வெள்ளரி பற்றிய பகுதியில், செய்முறையே இருக்கிறது: ஏப்ரல் நடுவில், லாயத்திலிருந்து நேராக எடுத்த புதிய சூடான லத்தியால், ஓர் எல் அகலமும் அதே அளவு உயரமுமாக ஒரு மேடு. எல் என்பது இங்கிலாந்தில் 45 அங்குலம். மேலே வளைவுக் குச்சிகள், அதன் மேல் பாயோ பழந்துணியோ வைக்கோலோ. பாத்தியில் சலித்த மண் அரை அடி. எருக்குப்பையிலிருந்து எடுக்காதே, லாயத்திலிருந்து எடு என்று தனியாக எச்சரிக்கிறார். கவைக்கோல் சொன்ன அதே அரை அடி மண்! கண்ணாடி மட்டும்தான் இன்னும் வரவில்லை.

அடுத்து 1664இல் ஜான் ஈவ்லின் எழுதிய தோட்ட நாட்காட்டி. உங்கள் கையேடு எந்த வகையோ அந்த வகைக்கு இதுதான் முன்னோடி. பிரான்சில் அதே காலத்தில் பதினான்காம் லூயியின் வெர்சாய் காய்கறித் தோட்டத்தைக் கவனித்த லா கின்டினி, லத்திச் சூட்டை வைத்துக் குளிர்காலத்திலேயே அஸ்பாரகஸும் கீரையும் அரசருக்கு அனுப்பினார். அவருடைய நூல் 1693இல் ஈவ்லின் பெயரில் ஆங்கிலத்துக்கு வந்தது.

#6 ஏட்டுச்சுரை
ரோமப் பேரரசர் டைபீரியஸுக்கு ஆண்டு முழுக்க வெள்ளரி தர ஹாட்பெட் கட்டினார்கள் என்று பல இடங்களில் படித்தேன். முன்னுரையில் அங்கிருந்து தொடங்கலாமா?

#7 அகராதிப்புழு
வேண்டாம். இதற்கு மூலம் ரோம எழுத்தாளர் மூத்த பிளினி. அவர் சொல்வது சக்கரம் வைத்த பாத்திகளை: வெயில் உள்ளபோது வெளியே தள்ளுவது, குளிரில் உள்ளே இழுத்து, தகடாகப் பிளந்த ஒளிபுகு கல்லால் மூடுவது. அந்த இடத்தில் லத்திச் சூடு பற்றி அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. கண்ணாடிப் பெட்டிக்கு மூதாதை என்று சொல்லுங்கள், ஹாட்பெட்டுக்கு என்று சொல்லாதீர்கள். அடியில் சூடு இருக்கிறதா என்பதே கேள்வி.

#8 கவைக்கோல்
கையேட்டில் ‘டான்’ என்று வருகிறதா? வந்தால் அது நிறம் இல்லை, தோல் பதனிட்ட பட்டைச் சக்கை. நம் பக்கத்தில் தோலுக்கு ஆவாரம்பட்டை என்றால் அங்கே ஓக் பட்டை. பதனிட்டு முடித்த சக்கையைத் தோல் தொட்டிக்காரரிடம் வாங்கி, குழியில் மூன்று அடி நிரப்புவார்கள். லத்தி மாதிரி சீறி எழாது. மெல்ல ஏறி, மாதக்கணக்கில் ஒரே சூட்டில் நிற்கும். அதில் விதைப்பதில்லை, தொட்டிச் செடியைக் கழுத்து வரை புதைத்து வைப்பார்கள்.

இது வந்த பிறகுதான் இங்கிலாந்தில் அன்னாசி பழுத்தது. ரிச்மண்டில் மேத்யூ டெக்கர் என்ற செல்வந்தரின் தோட்டத்தில், அவருடைய தோட்டக்காரர் ஹென்றி டெலண்ட் பழுக்க வைத்த அன்னாசியை 1720இல் ஓவியமாகவே வரைந்து வைத்தார்கள். படம் இன்று கேம்பிரிட்ஜின் ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நம் ஊரில் வண்டியில் கூவி விற்கும் பழத்துக்கு அங்கே ஓவியர் வர வேண்டியிருந்தது.

சக்கை தளர்ந்தால் முழுதும் மாற்ற மாட்டார்கள். கவையால் கிளறி, மக்கித் தூளானதைச் சலித்து எடுத்துவிட்டு, மூன்றில் ஒரு பங்கு புதியது கலப்பார்கள். கையேட்டில் ‘டானைப் புதுப்பி’ என்று இருந்தால் அந்த வேலைதான்.

லத்தியே கொண்டு அன்னாசி வளர்க்கும் குழியைப் பார்க்க வேண்டுமென்றால் கார்ன்வாலில் ஹெலிகன் தோட்டம் இருக்கிறது. அங்கே லத்தி செடிக்கு அடியில் இல்லை. இரு பக்கமும் பள்ளத்தில் நிரப்பி, துளை விட்ட சுவர் வழியாகச் சூட்டை உள்ளே விடுகிறார்கள். அம்மோனியா செடியைத் தொடாது.

#9 குளிர்ப்பாத்தி
இந்தக் கலையின் உச்சம் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாரிஸ். நகரத்துக் குதிரைகள் போட்ட லத்தியெல்லாம் சுற்றியிருந்த காய்கறித் தோட்டங்களுக்குப் போனது. 1905க்குப் பிறகு சில ஆண்டுகள் இங்கிலாந்தில் ‘பிரெஞ்சுத் தோட்டம்’ என்று ஒரு மோகமே கிளம்பியது. மோட்டார் வந்தது, குதிரை போனது, கூளமும் போனது. அந்த இடத்துக்கு மண்ணுக்கடியில் மின்கம்பி வந்தது: சதுர அடிக்குப் பத்து வாட் கணக்கு, கம்பியின் மேல் இரண்டு அங்குல மணல், அதன் மேல் கம்பிவலை. வலை எதற்கென்றால் கரண்டி கம்பியில் படாமலிருக்க. மின்சாரத்தில் ஓடுவதையும் ஆங்கிலத்தில் ஹாட்பெட் என்றே சொல்கிறார்கள்.

இன்று லத்தியில் கட்டுபவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. அமினோபைராலிட் என்ற களைக்கொல்லி அடித்த புல்லைக் குதிரை தின்றால் அது வயிற்றில் சிதையாமல் லத்தியோடு வெளியே வரும். 2008இல் பிரிட்டன் முழுக்கத் தக்காளியும் அவரையும் உருளையும் இலை சுருண்டு கெட்டது இதனால்தான். கூளத்தைக் கொஞ்சம் மண்ணோடு கலந்து தொட்டியில் அவரை போட்டுப் பாருங்கள். மூன்றாவது, நாலாவது இலை சுருண்டால் வண்டியைத் திருப்பி அனுப்பிவிட வேண்டியதுதான்.

#10 அகராதிப்புழு
உருவகத்துக்கு வருகிறேன். ‘வேகமாக வளரவிடும் இடம்’ என்ற பொருள் 1760களில் தலைகாட்டுகிறது. அன்று அது கெட்ட பொருளில் மட்டும் வழங்கவில்லை. 1771இல் வந்த ஸ்மாலெட்டின் நாவலில் ஒரு பாத்திரம் எடின்பரோவை மேதைகளின் ஹாட்பெட் என்கிறது. தத்துவவாதி ஹியூமையும் பொருளியல் அறிஞர் ஆடம் ஸ்மித்தையும் மனதில் வைத்துச் சொன்ன பாராட்டு. இன்றைக்கும் ‘கால்பந்தின் ஹாட்பெட்’ என்று ஊர்களைப் புகழ்கிறார்கள். ஆனால் குற்றம், கலகம், நோய் என்ற பக்கமே கனத்துப் போனது.

ஏன் அப்படிப் போனது என்பதற்கு என் ஊகம் ஒன்று உண்டு. அடியில் லத்தி என்பது ஒன்று. அதைவிட முக்கியம், அங்கே வளர்ந்த செடி வேகமாக வரும், ஆனால் வெளிக்காற்றுக்குத் தாங்காது. அந்தக் காலத்து வாசகர்களுக்கு இது கண் முன்னால் நடந்த விஷயம். தமிழில் ‘பிஞ்சிலே பழுத்தது’ என்கிறோமே, அந்த உறுத்தல் இந்தச் சொல்லிலும் இருந்தது.

அதனால்தான் ‘கூடாரம்’ எனக்குப் பிடிப்பதில்லை. கூடாரத்தில் ஒளியலாம், தங்கலாம், ஒன்றும் வளராது. ‘விளைநிலம்’ பரவாயில்லை, வளர்ச்சி இருக்கிறது, ஆனால் தூண்டிவிட்ட வேகம் இல்லை. நோய்க்கு ‘ஊற்றுக்கண்’ பொருந்தும். மேதைகளுக்கு ‘நாற்றங்கால்’ அழகாக நிற்கும். எல்லா இடத்துக்கும் ஒரே சொல்லைத் திணிக்காதீர்கள்.

‘ஹாட்ஸ்பாட்’டையும் இதையும் குழப்பாதீர்கள். மேற்குத் தொடர்ச்சி மலை பல்லுயிர் ஹாட்ஸ்பாட், ஹாட்பெட் அல்ல. ஸ்பாட் வரைபடத்தில் குத்தும் புள்ளி. பெட் அடியில் சூடு போட்டு வளர்ப்பது.

#11 உருட்டாலை
தோட்டத்துக்கு வெளியே இருந்து ஒரு குறுக்கீடு. எஃகு உருட்டாலையிலும் ஹாட்பெட் உண்டு. உருளைகளுக்கு நடுவிலிருந்து செக்கச்செவேலென்று வரும் கம்பிகளை வரிசையாகக் கிடத்தி ஆறவிடும் தண்டவாளத் தளம். ஆற வைக்கும் இடத்துக்குச் சூட்டின் பெயர்! முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் அடித்தட்டும் ஹாட்பெட்தான்; பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக் இழைக்கு 60 டிகிரி செல்சியஸ், ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக்குக்கு 100 அல்லது 110. அங்கே அடிச்சூடு இல்லையென்றால் முதல் அடுக்கு ஒட்டாமல் மூலை சுருண்டு எழும்பும். நீர்மூழ்கியில் ஒருவர் எழுந்ததும் அடுத்த ஷிஃப்ட்காரர் அதே படுக்கையில் சாய்வதை ‘ஹாட் பெட்டிங்’ என்பார்கள். ஏட்டுச்சுரையின் ‘சூடான படுக்கை’ அங்கே சரியாகப் பொருந்தும்.

#12 ஏட்டுச்சுரை
அந்த ஒரு இடத்திலாவது பிழைத்தேன். சரி, தோட்டத்துக்குச் சொல் வேண்டும். ‘வெம்மை’யும் ‘பாத்தி’யும் சேர்த்து ‘வெம்பாத்தி’? வெந்நீர், வெஞ்சினம் வழியில்.

#13 கவைக்கோல்
காதுக்கு நன்றாக இருக்கிறது, ஆனால் ‘வெம்பிப் போனது’ ஞாபகம் வருகிறது. வெம்பிய பழம் என்றால் முற்றாமல் சூட்டில் பழுத்துச் சுவை கெட்டது. தோட்டக்காரர் நல்லதை நினைத்துக் கட்டிய பாத்திக்கு இந்தப் பெயரா? ‘சூட்டுப்பாத்தி’ என்றால் யாருக்கும் புரியும்.

#14 அகராதிப்புழு
அந்த ஞாபகம் வருவதால்தான் வெம்பாத்தியை வைக்கச் சொல்வேன். உருவகத்தின் உறுத்தலும் சேர்ந்து வருகிறதே. மற்ற மொழிகளையும் பாருங்கள். ஜெர்மன்காரர்கள் ‘மிஸ்ட்பேட்’ என்று எருவைப் பெயரில் வைத்தார்கள். பிரெஞ்சில் ‘கூஷ்’, அடுக்கு என்பதோடு சரி. ஆங்கிலம் சூட்டைப் பிடித்துக்கொண்டது, அதனால்தான் லத்தி போன பிறகும் மின்கம்பிக்கு அதே பெயர் செல்லுபடியானது. தமிழிலும் எருவைப் பெயரில் சேர்க்காமல் சூட்டை மட்டும் வைப்பது நல்லது. சூட்டுப்பாத்தியா வெம்பாத்தியா என்பது உங்கள் காது.

#15 ஏட்டுச்சுரை
செய்முறை வரும் இடங்களில் சூட்டுப்பாத்தி, முன்னுரையில் உருவகம் பேசும் இடத்தில் வெம்பாத்தி என்று எடுத்துக்கொள்கிறேன். அடிக்குறிப்பு இப்படி: “சூட்டுப்பாத்தி: லாயத்துக் கூளத்தை 3 அல்லது 4 அடி மேடாக அடுக்கி, மேலே கண்ணாடிப் பெட்டி வைத்து, மக்கும் சூட்டில் விதை முளைக்க வைக்கும் பாத்தி. கூளம் அடுக்கிய அன்றே அரை அடி மண் நிரப்பி விதைப்பர். ஆவி வெளியேற, காற்று வீசும் பக்கம் கண்ணாடியைத் தூக்கிக் கட்டை வைப்பர். சூடு தளர்ந்தால் பக்கங்களில் அணைகூளம் கொடுப்பர்.”

#16 குளிர்ப்பாத்தி
இரண்டு திருத்தம். ‘அடுக்கிய அன்றே’ விதைத்தால் விதை வெந்துவிடும். ‘கொதிப்பு அடங்கிய பின்’ என்று மாற்றுங்கள், ஏறக்குறைய ஒரு வாரம் போகும். கண்ணாடியைத் தூக்குவது காற்று வீசும் பக்கம் அல்ல, அதற்கு எதிர்ப்பக்கம். வீசும் பக்கம் தூக்கினால் பிப்ரவரிக் காற்று நேரே நாற்றின் மேல் அடிக்கும், பலமாக அடித்தால் சட்டத்தையே புரட்டிப் போடும். மற்றபடி அச்சுக்குப் போகலாம்.